எடைக்கல்லும் தராசும்: ஓர் இசைத்தட்டின் வரலாறு

1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டுக்காக வாசித்தபோது, முதன்மை ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியேதான் விற்பனையாயின. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்குச் சுருதி சேரவில்லை. அன்றைக்கே இன்னொரு இயந்திரத்தில் பதிந்த காப்பு நாடா சரியாக இருந்தது. அதை வைத்து 1992-ல் திருத்தினார்கள். 2013-ல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் பதிப்பும் வந்தது.

எடைக்கல் தப்பென்றால் தராசை எவ்வளவு துலக்கினாலும் எடை சரியாகுமா? நுணுக்கப் பதிப்பு என்று வாங்குமுன், எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். காப்பு நாடாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கே முதல் நன்றி.