ஆப்பிரிக்க ஒன்றியத்தில் குடிமைச் சமூகம்

ஆப்பிரிக்க அரசுகள் கூடி அமைத்த கண்ட அளவிலான நிறுவனங்களில் தன்னார்வ அமைப்புகள், தொழிற்சங்கங்கள், மகளிர் இயக்கங்கள், வழக்கறிஞர் குழுக்கள் ஆகியவை படிப்படியாகப் பெற்ற இடத்தைக் குறிப்பது. 1963-இல் அடிஸ் அபாபாவில் தோன்றிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அரசுத் தலைவர்களின் மன்றமாகவே இருந்தது. காலனி ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நாடுகள் தம் இறையாண்மையைப் பொத்திக் காத்ததில் வியப்பில்லை. பிற உறுப்பு நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடலாகாது என்பதை அவை சாசனத்திலேயே எழுதிவைத்தன. அதன் விலையைச் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். உகாண்டாவில் பெருங்கொலைகள் நிகழ்த்திய இடி அமீன் 1975-இல் அவ்வமைப்பின் தலைவராகவே அமர முடிந்தது. தன் அரசின்மீது குறை சொல்ல வந்த குடிமகனுக்கு அங்கே வாசல் இல்லை.

முதல் வாசலைத் திறந்தது மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க சாசனம். 1981-இல் ஏற்கப்பட்டு 1986-இல் நடைமுறைக்கு வந்த இச்சாசனத்தின்படி 1987-இல் ஓர் ஆணையம் அமைந்தது. அதன் தலைமையகம் காம்பியாவின் பஞ்சுல் நகரம். அரசுகள் அல்லாதவர்களிடமிருந்தும் முறையீடுகள் வரலாம் என்று சாசனம் சொன்னது. யாரிடமிருந்து என்று வரையறுக்கவில்லை. ஆணையம் அந்த இடைவெளியை மக்கள் பக்கம் நின்று நிரப்பியது: பாதிக்கப்பட்டவரே வர வேண்டியதில்லை, அவருக்காக ஓர் அமைப்பும் முறையிடலாம். பார்வையாளர் தகுதி பெற்ற அமைப்புகள் அமர்வுகளில் பேசவும் தொடங்கின. நைஜர் கழிமுகத்தில் எண்ணெய் எடுப்பால் ஒகோனி மக்களின் நிலமும் நீரும் கெட்டதைக் குறித்து, லாகோசைச் சேர்ந்த ஓர் உரிமை அமைப்பும் நியூயார்க்கைச் சேர்ந்த இன்னொன்றும் 1996-இல் முறையிட்டன. 2001-இல் ஆணையம் நைஜீரிய அரசு சாசனத்தை மீறியதாகத் தீர்மானித்தது. உணவுக்கும் உறைவிடத்துக்குமான உரிமைகள் சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படாதவை. ஆயினும் அதில் உள்ளடங்கியவை என்று அத்தீர்ப்பு நிறுவியது.

2002-இல் பழைய அமைப்பின் இடத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் வந்தபோது இரண்டாவது வழி ஒன்று வகுக்கப்பட்டது. பொருளாதார, சமூக, பண்பாட்டு மன்றம் என்ற ஆலோசனை அமைப்பில் 150 குடிமைச் சமூக அமைப்புகளுக்கு இடம் என்று 2004-இல் ஏற்கப்பட்ட விதிகள் கூறின. நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் அதன் இடைக்காலத் தலைவரானார். நோக்கம் உயர்ந்தது; ஆனால் உறுப்பாகும் அமைப்பின் அடிப்படை நிதியில் பாதியாவது அதன் உறுப்பினர்களின் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்ற விதி, நன்கொடையை நம்பி இயங்கும் பல அமைப்புகளை வெளியே நிறுத்தியது. உள்ளே சென்றவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் உரிமையே கிடைத்தது. கேட்டே ஆக வேண்டிய கடமை எந்த அரசுக்கும் இல்லை. இரு வழிகளையும் ஒப்பிட்டால், அழைப்பின்பேரில் கிடைக்கும் இருக்கையைவிட, சான்றோடு முறையிட்டுப் பதில் கேட்கும் உரிமையே குடிமைச் சமூகத்துக்கு வலிமை தந்தது என்பது விளங்கும்.

இவ்வமைப்புகளை யார் தேர்ந்தெடுத்தார்கள், வெளிநாட்டுப் பணத்தில் இயங்குவோர் ஆப்பிரிக்க மக்களுக்காக எப்படிப் பேசலாம் என்பது அரசுகளின் வாதம். சட்டம் இயற்றும் அவையில் இடம் கேட்போரிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி அது. ஆனால் முறையீட்டில் எடைபோடப்படுவது கொண்டுவருபவரின் வாக்குப்பலம் அன்று, அவர் வைக்கும் சான்று. முடிவைச் சொல்வதும் அரசுகளே தேர்ந்தெடுத்த ஆணையர்கள்தாம். தீர்ப்புகள் நடைமுறைக்கு வருவதில்லை என்ற குறை இன்னும் கனமானது. பொகோரியா ஏரிக்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட கென்யாவின் எண்டோரோயிஸ் மக்களுக்கு ஆதரவான முடிவை ஒன்றியம் 2010-இல் ஏற்றும், நிலம் திரும்பவில்லை. ஆயினும் முறையீட்டு வழி வீணாகவில்லை. அதே நாட்டின் ஒகியெக் மக்களுக்காக அமைப்புகள் தொடங்கிய முறையீடு ஆணையத்தின் வழியாக மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க நீதிமன்றத்தை எட்டி, 2017-இல் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது.

இவ்வாசலின் மதிப்பை அதை அடைக்க நடந்த முயற்சிகளே காட்டுகின்றன. தனிமனிதர்களும் பார்வையாளர் தகுதி பெற்ற அமைப்புகளும் நேரடியாக அந்நீதிமன்றத்தை அணுக இசைந்திருந்த ருவாண்டா 2016-இலும், தான்சானியா 2019-இலும், பெனினும் கோட் டிவாரும் 2020-இலும் அந்த இசைவைத் திரும்பப் பெற்றன. ஆப்பிரிக்க லெஸ்பியன்கள் கூட்டமைப்புக்கு 2015-இல் ஆணையம் வழங்கிய பார்வையாளர் தகுதி, ஒன்றியத்தின் நிர்வாகக் குழு கொடுத்த அழுத்தத்தால் 2018-இல் பறிக்கப்பட்டது. அரசுகளின் சினம் பாய்ந்தது ஆலோசனை மன்றத்தின்மேல் அன்று. தம்மைப் பதில் சொல்ல வைத்த இடங்களின்மேல். பங்கேற்பை விரிவாக்க விரும்புவோர் புதிய இருக்கைகளைக் கேட்பதற்கு முன், இந்த முறையீட்டு உரிமையை மீட்கவும் காக்கவும் வேண்டும்.