முடக்கறுத்தான்: ஒரு கொடியின் வரலாறு

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்து அன்பர்கள் பணித்தபோது யாம் தயங்கினோம். மெட்ரிக் படிப்போடு நின்று, ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவரும் எமக்கு அரசர்தம் வரலாறு எழுதும் புலமை ஏது? ஆயினும், வேலியோரக் கொடிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைச் சென்ற மழைக்காலத்தில் எம் அன்னையார் எமக்கு உணர்த்தினார்.

நெல்லைச் சீமையிலிருந்து இக்கரக்பூர் காலனிக்கு வந்த அவர்க்கு முழங்கால் மூட்டுத் தேய்வு. "முடக்கத்தான் கீரை இங்கே கிடைக்காதா?" என்று வினவினார். கடைத்தெரு முழுதும் தேடியும் கிடைக்கவில்லை. ஒரு மாலை, கோலூன்றி நடந்தவர் ரயில் பாதை வேலியருகே நின்று, "இதோ படர்ந்து கிடக்கிறதே!" என்றார். பதினெட்டு ஆண்டுகளாக அவ்வழியே நடந்தும் யாம் அதனைக் கண்டோமில்லை. அண்டை வீட்டு வங்காளப் பெரியவரோ 'லதாபட்கரி' என்று உடனே பெயர் சொன்னார்.

மதிலை முற்றுகையிடும் போருக்கு உழிஞை எனப் பெயர் தந்தது தொல்காப்பியம். அப்போரில் மறவர் சூடிய உழிஞை இக்கொடியே என அறிஞர் பலர் கருதுவர். கேரளத்தார் இன்றும் இதனை 'உழிஞ்ஞ' என்றே வழங்குகின்றனர். தசபுஷ்பம் என்னும் பத்தனுள் ஒன்றாக மதித்து, மார்கழித் திருவாதிரையில் மகளிர் சூடுகின்றனர். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய மலையாள மருத்துவர்தம் துணையுடன் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதிலும் இக்கொடி இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் இதற்குக் 'கார்டியோஸ்பெர்மம்' எனப் பெயரிட்டார். இதயவிதை என்பது அதன் பொருள். கருநிற விதையின்மீது வெண்ணிற இதய வடிவம் ஒன்று பொறித்தாற்போல் இருப்பதே காரணம். தமிழரோ வடிவைப் பாராது பயனைப் பார்த்து, முடக்கை அறுப்பது முடக்கறுத்தான் என்றனர்.

பெயர் மட்டும் மருந்தாகுமா? தோசையும் இரசமுமாகக் கீரை இலையில் ஏறிய சில நாட்களில், "இனி டாக்டர் எதற்கு?" என்றார் அன்னையார். தேய்ந்த மூட்டு வளரும் என்று கூறி இலைச்சாற்றுப் புட்டி விற்பானொருவனும் வாயிலில் வந்து நின்றான். யாம் அன்னையாரை மருத்துவரிடமே அழைத்துச் சென்றோம். அவர் கீரையை விலக்கவில்லை. இதன் இலைச்சாறு வீக்கத்தைத் தணிப்பதாக எலிகளிடத்தும் உயிரணுக்களிடத்தும் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஆய்வுக்கூடத்துச் சாறு வேறு, அடுக்களைத் தோசை வேறு. தேய்ந்த குருத்தெலும்பை எவ்விலையும் மீண்டும் வளர்ப்பதில்லை என்று விளக்கினார். உடல் எடையைக் குறைத்தலும், தொடைத் தசைக்குப் பயிற்சி தருதலுமே முழங்காலுக்கு முதல் துணை என்றார். கீரை மிகுந்தால் வயிறு இளகும் என்றும், கருவுற்ற மகளிர் தவிர்த்தல் நலம் என்றும் எச்சரித்தார்.

இன்று அன்னையார் காலையில் பயிற்சி செய்கிறார். வாரம் இருமுறை முடக்கறுத்தான் தோசை உண்கிறார். வலி முற்றும் தீர்ந்ததென்று யாம் சொல்லோம். ஆயினும் குவார்ட்டர்ஸின் மூன்று படிகளைக் கோலின்றி ஏறுகிறார்.

அவர் ஊருக்குத் திரும்பிய பின் இக்கொடியை நம் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது? இக்கேள்வியே எம்மை எழுதத் தூண்டியது. முற்றிய காய்களிலிருந்து விதைகளைச் சேர்த்து வைத்துள்ளோம். ஆண்டு விழாவன்று விரும்பும் குடும்பத்தார் பெற்றுச் சென்று வேலியோரம் ஊன்றுக. விதையிலுள்ள வெள்ளை இதயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் தமிழ்ப் பெயரையும் சொல்லித் தருக.