மேய்ச்சல் வெளியின் நியாயங்கள்

விம்பிள்டன் என்றதும் நம்மவர்களுக்கு டென்னிஸ் பந்தயமே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அவ்வூர்க் குன்றின்மேல், பட்னி ஹீத்தையும் சேர்த்து ஏறக்குறைய 1,140 ஏக்கர் பரப்பில், நம் கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கை ஒத்த 'காமன்' என்னும் பொதுவெளி இன்றும் வேலியின்றிக் கிடப்பதற்குப் பின்னே, மனிதர் தம் பாத்தியதையை நிலைநாட்டச் சொல்லும் நியாயம் அவரவர் நிற்கும் சபைக்கு ஏற்ப எவ்வாறு உருமாறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

அண்டையிலுள்ள மெர்ட்டன் மடாலயத்தில் மூன்றாம் ஹென்றி மன்னர் பிரபுக்களோடு கூடி வகுத்ததும், 1235-ஆம் வருஷத்துச் சட்டமென வழங்குவதுமான சாஸனம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சலை விட்டுவிட்டு மிச்சமுள்ள தரிசை நிலப்பிரபு வளைத்துக்கொள்ளலாம் என்றது. சட்டம் செய்தவர்களும் நிலம் உடையவர்களும் ஒருவரேயான அச்சபையில், 'நிலம் பிரபுவினுடையது' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நியாயம் தேவைப்படவில்லை.

அதே வெளியில் காற்றாலை கட்ட இடம் கேட்டு, 1816-இல் ரோஹாம்ப்டன் தச்சரான சார்ல்ஸ் மார்ச் என்பவர் பிரபுவின் நிலமன்றத்தின் முன் நின்றபோது, அவருக்குப் பரம்பரையும் இல்லை, பட்டயமும் இல்லை. அக்கம்பக்கத்தார் சௌகரியத்துக்காகப் பொதுவான மாவாலை ஒன்றை நடத்திவர வேண்டும் என்ற நிபந்தனையின்பேரிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1817-இல் ஆலை எழுந்தது. எளியவன் பொதுநன்மையைச் சொல்லியே உள்ளே நுழைய முடிந்தது.

அரை நூற்றாண்டுக்குள் காலம் திரும்பிற்று. 1838-இல் ரயில் வந்தது. வர்த்தகர்களும் வக்கீல்களும் குன்றின்மேல் மாளிகைகள் கட்டிக் குடியேறினார்கள். அவ்வெளிக்கு உடையவரான ஐந்தாம் ஸ்பென்ஸர் பிரபு 1864-இல் பட்னிப் பகுதியை விற்று, அந்தப் பணத்தைக்கொண்டு எஞ்சியதை வேலியிட்ட பூங்காவாக்கி, ஆலை நின்ற இடத்தருகே தமக்கொரு மாளிகை எழுப்ப எண்ணினார். ஆனால் பார்லிமெண்டின் முன் செல்லவிருந்தவர், முன்னோர் வாதித்ததுபோல 'நிலம் என்னுடையது' என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. சதுப்பிலிருந்து எழும் மூடுபனி ஆரோக்கியத்துக்குக் கேடு என்றும், கூடாரமடிக்கும் ஜிப்ஸிகளால் தொல்லை என்றும், பொதுநன்மையையே முன்வைத்தார். தச்சர் கையாண்ட நியாயம் இப்போது பிரபுவின் கைக்கு வந்திருந்தது.

எதிர்த்து நின்றவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. தேயிலை வர்த்தகரான ஹென்றி பீக் முதலியோர் விரும்பியது தூய காற்றும், உலாவ ஓர் இடமும். ஆனால் பொதுமக்கள் உலாவும் உரிமை என்ற ஒன்றை அன்றைய நியாயஸ்தலம் அங்கீகரிக்கவில்லை. மாடு மேய்க்கவும், விறகும் புல்கரணையும் வெட்டவும், சரளை அள்ளவும் பழங்குடியானவர்களுக்கு இருந்த அநுபோக பாத்தியதையை மட்டுமே அது செவிமடுத்தது. ஆகவே, ஒரு கன்றையேனும் அவ்வெளியில் ஓட்டியறியாத கனவான்கள், தங்கள் மனைகளோடு ஒட்டிவந்த இடையரின் உரிமையைப் பேசி வியாஜ்யம் தொடுக்க வேண்டியதாயிற்று. கோர்ட்டுக்கு வெளியிலோ, பொதுவெளிகளைக் காக்கும் வழிபற்றிச் சிறந்த கட்டுரைகள் எழுதுவோருக்கு பீக் பரிசுகள் அறிவித்து, மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றியே பேசுவித்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிரபுவுக்கு வருஷம் 1,200 பவுன் ஈடாகத் தருவதென்றும், வெளியை என்றும் அடைக்காமல் மக்களின் உலாவலுக்கும் விளையாட்டுக்கும் காவலர் சபையொன்று காக்க வேண்டுமென்றும் 1871-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. செங்கற்பட்டுச் சீமையில் மிராசு என்னும் பரம்பரை நில பாத்தியதை உண்டா என்று கும்பினியார் கேட்டபோது, ஊரார் வாய்மொழியில் வாழ்ந்துவந்த வழக்கம், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை 1818-இல் அச்சிட்ட விடைகளில், சாஸனங்களும் கிரயச் சீட்டுகளும் சான்றாக நிற்க, எழுத்து வடிவம் எடுத்தது. கேட்பவர் காகிதத்தை நம்புபவராக இருந்ததால், சொல்பவரும் காகிதத்தைத் தேடினார்.

ஆயினும் இரண்டு இடத்திலும் ஒரு சாரார் பேசவே இல்லை. மனையோடு ஒட்டிய உரிமைக்கே மதிப்பிருந்த விம்பிள்டனில், மனையே இல்லாத ஜிப்ஸிகள், தாம் காலங்காலமாகத் தங்கிய வெளியைப் பற்றிய வழக்கில், தொல்லைக்கு உதாரணமாக மட்டுமே இடம்பெற்றார்கள்; செங்கற்பட்டில் சேற்றில் இறங்கி உழுத பண்ணையாட்களுக்கு மிராசு இல்லை. எந்தச் சபையிலும் வென்ற நியாயத்தை ஆராயும்போது, அச்சபையில் நிற்க இடமில்லாததால் சொல்லப்படாமலே போன நியாயத்தையும் தேடிப் பார்ப்பது சரித்திரம் படிப்பவர்களின் கடமை என்று நான் கருதுகிறேன்.