தாமிரத் தாதுவை ஏன் மாவு மாதிரி அரைக்கிறார்கள்? கிரஷரில் நடப்பது என்ன?

குமரி மாவட்டம் கொட்டாரம் பக்கம் 'கிரஷர்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பாறையைப் போட்டால் ஜல்லியும் எம்-சாண்டும் வரும். தாமிரச் சுரங்கத்திலும் முதல் வேலை கிரஷருக்குத்தான். ஆனால், இங்கே ஜல்லிதான் விற்கும் சரக்கு. அங்கே அது வெறும் ஆரம்பம்.

ஸ்டெர்லைட்டில் தாது உடைத்தார்களா?

இல்லை. தூத்துக்குடியில் 2018-ல் மூடப்பட்டது உருக்காலை. ஏற்கெனவே அரைத்துப் பிரித்த தாதுத்தூள்தான் அங்கே கப்பலில் வந்தது. காரணம் எளிது. 1 சதவீதத் தாது என்றால், 1 டன்னில் தாமிரம் 10 கிலோதான். மீதி 990 கிலோ கல்லுக்கு யார் கப்பல் வாடகை கொடுப்பார்கள்? அதனால் உடைப்பது, அரைப்பது எல்லாம் சுரங்க வாசலிலேயே முடிந்துவிடும். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட், ராஜஸ்தானின் கேத்ரி ஆகிய இடங்களில் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் காப்பர் இதைச் செய்கிறது.

எப்படி உடைக்கிறார்கள்?

வெடி வைத்துப் பெயர்த்த பாறையை முதல் கிரஷர் தாடை போல மென்று துண்டாக்கும். அடுத்தது கூம்பு கிரஷர். அதில் ஜல்லி அளவுக்கு வரும். பிறகு இரும்புக் குண்டுகள் உருளும் பெரிய டிரம்மில் தண்ணீர் விட்டு மாவாக அரைப்பார்கள். தாமிரக் கனிமம் கல்லுக்குள் பொடிப்பொடியாகச் சிக்கியிருக்கிறது. அரைத்தால்தான் விடுபடும். அந்தக் குழம்பில் ரசாயனம் கலந்து காற்றை ஊதினால், கனிமம் நுரையில் ஒட்டி மேலே வரும். அதை வழித்து எடுத்தால் 20 முதல் 30 சதவீதம் தாமிரம் உள்ள தூள் கிடைக்கும்.

ஆபத்து எங்கே?

அரைவை ஈரத்தில் நடக்கிறது, உடைப்பது பெரும்பாலும் உலர்வாக. தூசி கிளம்புவது அங்கேதான். மலஞ்ச்கண்டில் தாது இருப்பது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. குமரியில் உடைபடும் கருங்கல்லிலும் அது உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். குணப்படுத்த மருந்து கிடையாது.

தண்ணீர் தெளிப்பது, கன்வேயரை மூடுவது, தூசியை உறிஞ்சி வடிகட்டுவது ஆகியவைதான் தடுக்கும் வழிகள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளுக்குத் தடையே இல்லை. சிலிகோசிஸ், சட்டப்படி மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். காசநோய் என்று தவறாக நினைக்கப்படுவதும் உண்டு. எனவே கிரஷரில் வேலை பார்த்தவர்கள் இருமலுக்கு ஆஸ்பத்திரி போனால், அந்த வேலையை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.