படியைக் குலுக்கிப் பாருங்கள்!

2023 டிசம்பர் 17, இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை! குளங்கள் பல உடைந்து, தாமிரபரணிக் கரையே கடலாகிவிட்டது. பிறகு பார்த்தால், செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளம் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் காணோம்.

ரயிலைத் தாங்குவது இரும்பு என்றுதானே நினைக்கிறோம்? கடைசியில் எல்லாப் பாரத்தையும் சுமப்பது இறுகிய மண்தான். அதை எப்படி இறுக்குவது?

படியில் அரிசி அளக்கும்போது லேசாகக் குலுக்கிப் பாருங்கள். 'சர்'ரென்று இறங்கி, இன்னும் ஒரு பிடிக்கு இடம் கிடைக்கும். ஆற்று மணலும் அப்படித்தான். அதிர்ந்தால், ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். 1930-களில் ஜெர்மனியின் கெல்லர் கம்பெனி, அதிரும் கருவியை மணலுக்குள் பல மீட்டர் ஆழம் இறக்கி இதையே பெரிய அளவில் செய்தது. இன்று தெருவில் ரோலர் ஓடும்போது சமையலறைப் பாத்திரங்கள் கடகடக்கிறதே... அதுவும் இதே வித்தைதான்!

ஆனால், இந்த வித்தை வயல்காட்டுக் களிமண்ணிடம் அவ்வளவாகப் பலிக்காது. கொழுக்கட்டை மாவைக் குலுக்கி என்ன பயன்? பிசையணும்! களிமண்ணை மிதித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். நம்மவர்கள் ஏரி, குளத்துக் கரைகளில் மாடுகளை மிதிக்க விட்டார்கள், திமிசுக்கட்டையால் இடித்தார்கள். கலிபோர்னியாவில், ஆட்டு மந்தை நடந்த பாதை கெட்டிப்பட்டதைக் கவனித்துத்தான் குளம்பு மாதிரி முளை வைத்த ரோலர் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஈரம் கூடினால் சேறு, குறைந்தால் புழுதி. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதை அளந்து காட்டி 1933-ல் பெயர் வாங்கியவர், லாஸ் ஏஞ்சலீஸ் என்ஜினீயர் ப்ராக்டர். (நம் பாட்டிகள் மாவைத் தொட்டே சொல்லியிருப்பார்கள்!)

மாடுகள் மட்டுமா கஷ்டப்பட்டன? 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து என்றால், கிராமத்து உழைப்பாளிகளை அதிகாரிகள் வரச்சொல்லலாம். மறுத்தால் தண்டனை! கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வயலுக்குச் சொந்தக்காரர் குடையோடு நின்றிருப்பார் என்பது என் ஊகம்.

எவ்வளவு இறுக்கினாலும், தண்ணீர் கரைமேல் ஏறி வழிய ஆரம்பித்தால் மண் கரைந்துதான் போகும். அதனால்தான் நெல்லைச் சீமைக் குளங்களில், மிச்சத் தண்ணீர் வெளியேற மறுகாலைக் கல்லால் கட்டினார்கள். ரயில்பாதைக்கு மறுகால், அடியில் விடுகிற சின்னச் சின்னப் பாலங்கள். அன்றைக்கு வந்த தண்ணீருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு!