பட்ஜெட் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யலாமா? தோப்பும்படி வெயிலில் கவனிக்க வேண்டியவை

ஏப்ரல் மாதம், பிற்பகல் மூன்று மணி. கொச்சி தோப்பும்படியில் ஏ.சி இல்லாத ஒரு வாடகை அறை. வெளியே மீன்பிடித் துறைமுகம், உப்புக்காற்று, புழுக்கம். அறைக்குள் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ். உங்கள் டெஸ்க்டாப் இங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வீடியோ ரெண்டர் ஆக நேரம் எடுக்கிறது. பத்து டேப் திறந்தால் திணறுகிறது. 'காசு செலவில்லாமல் புராசசர் வேகத்தைக் கூட்டலாம்' என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். செய்து பார்க்கலாமா?

செய்யலாம். ஆனால் அந்த வீடியோ எடுக்கப்பட்ட அறையும் உங்கள் அறையும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் செய்தால், வேகம் கூடாது; சூடுதான் கூடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

புராசசரைத் தயாரித்த நிறுவனம் அதற்கு ஒரு வேக வரம்பை நிர்ணயித்திருக்கும். அந்த வரம்பைத் தாண்டி அதை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங்.

1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பிரபலமான உதாரணம். விலை மலிவான சிப். வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், பல சிப்கள் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. அதாவது 50% கூடுதல் வேகம்.

இன்று அந்த அளவு லாபம் கிடைக்காது. காரணம், இப்போதைய சிப்கள் சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. இதற்குப் பெயர் பூஸ்ட். ஏஎம்டி ரைசன் 5 5600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.4 வரை போகும். ஏஎம்டியின் பிபிஓ வசதியில் அதிகபட்சமாக 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் 4.6. லாபம் சுமார் 4.5%, அவ்வளவுதான். அதுவும் சிப்பும் கூலரும் ஒத்துழைத்தால்.

உங்கள் கம்ப்யூட்டரில் முடியுமா?

'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளில் புராசசர், மதர்போர்டு இரண்டின் பெயரையும் பார்க்கலாம்.

- ஏஎம்டி: டெஸ்க்டாப் ரைசன் சிப்களில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. பி350, பி450, பி550, பி650 போர்டுகளில் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது.
- இன்டெல்: பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள சிப்பும், இசட் வரிசை போர்டும் வேண்டும். பட்ஜெட் கம்ப்யூட்டர்களில் அதிகம் காணப்படும் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டும் பூட்டப்பட்டவை. பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தை மட்டும் கூட்டலாம். எச்610-ல் அதுவும் இல்லை.

அறை வெப்பம் ஏன் முக்கியம்?

கூலர் என்பது குளிர்பதனப் பெட்டி இல்லை. சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. அதனால் சிப்பின் வெப்பநிலை எப்போதும் 'அறை வெப்பம் + இவ்வளவு டிகிரி' என்றுதான் இருக்கும்.

சூடு எப்படிக் கூடுகிறது? சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். வேகத்தை 5% கூட்ட, வோல்டேஜை 10% கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 1.05-ஐ 1.10-ன் இருமடியால் பெருக்கினால் 1.27. அதாவது 5% வேகத்துக்கு 27% கூடுதல் சூடு.

இதை வெப்பநிலையாக மாற்றிப் பார்ப்போம். முழு வேலையில் உங்கள் சிப் அறையைவிட 45 டிகிரி சூடாகிறது என்று கொள்வோம். உங்கள் கூலரைப் பொறுத்து இந்த எண் மாறும்.

- 33 டிகிரி அறை, ஓவர்கிளாக் இல்லாமல்: 78 டிகிரி
- 24 டிகிரி ஏ.சி அறை, ஓவர்கிளாக் செய்து: 81 டிகிரி
- 33 டிகிரி அறை, ஓவர்கிளாக் செய்து: 90 டிகிரி

ரைசன் 5 5600-க்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வெப்பநிலை 90 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஏ.சி அறையில் கிடைத்த லாபம் தோப்பும்படி மதியத்தில் காணாமல் போவது இப்படித்தான்.

அப்படியென்றால் வேறு வழி?

இருக்கிறது. எதிர்த்திசையில் யோசியுங்கள்: வேகத்தைத் தொடாமல் வோல்டேஜைக் குறைப்பது. இதை அண்டர்வோல்டிங் என்பார்கள். எல்லாச் சிப்களும் சிக்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் தேவைக்குச் சற்று அதிகமாகவே வோல்டேஜ் வைக்கின்றன. அதில் 5% குறைத்தாலே சூடு சுமார் 10% குறையும். நம் கணக்கில் 78 டிகிரி 74 ஆகும். மிச்சமாகும் அந்த இடத்தைச் சிப்பே பூஸ்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். ஏ.சி இல்லாத அறைக்கு ஏற்ற ஓவர்கிளாக்கிங் இதுதான்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

கீழே உள்ளவை ரைசன் 5000 வரிசை சிப், பி450 அல்லது பி550 போர்டு வைத்திருப்பவர்களுக்கு.

1. முதலில் பேக்கப். நிலையில்லாத ஓவர்கிளாக் கம்ப்யூட்டரை அணைப்பதோடு நிற்காது. சத்தமில்லாமல் கோப்புகளையும் கெடுக்கும். அலுவலக வேலை அதில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

2. சுத்தம் செய்யுங்கள். ஈரக்காற்றில் தூசி கூலரின் தகடுகளில் அப்பிக்கொள்ளும். உப்பு உலோகத்தை அரிக்கும். பிரஷ்ஷால் தூசியை எடுத்து, பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பாதீர்கள். அது ஈரத்தைத்தான் கூட்டும்.

3. இப்போதைய நிலையை எழுதி வையுங்கள். சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடம் ஓட்டி, மதிப்பெண்ணையும் 'எச்டபிள்யூஇன்ஃபோ' காட்டும் அதிகபட்ச வெப்பத்தையும் குறியுங்கள். காலையில் அல்ல, நாளின் சூடான நேரத்தில் ஓட்டுங்கள். இப்போதே 85 டிகிரியைத் தாண்டினால், முதலில் வாங்க வேண்டியது நல்ல கூலர்.

4. பயாஸைப் புதுப்பியுங்கள். யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம். கேரளத்தில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மாலை நேர இடிமின்னல் சகஜம். பாதியில் கரண்ட் போனால் போர்டே உயிரிழக்கலாம்.

5. ரேமுக்கு எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் பலரது கம்ப்யூட்டரில் 2133, 2400 அல்லது 2666-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். ரைசன் 5 5600 அதிகாரப்பூர்வமாக 3200 வரை ஏற்கும். மாற்றிய பிறகு மெம்டெஸ்ட்86-ல் சோதியுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒற்றை ரேம் போட்டிருந்தால், அதே மாதிரி இன்னொன்று சேர்ப்பதே பெரிய முன்னேற்றம்.

6. அண்டர்வோல்ட் செய்யுங்கள். பயாஸில் பிபிஓ பகுதிக்குள் 'கர்வ் ஆப்டிமைசர்' இருக்கும். எல்லாக் கோர்களுக்கும் 'நெகட்டிவ் 10' என்று தொடங்கி, சோதித்து, 15, 20 என்று போங்கள். ஒரே தாவலில் 30 வேண்டாம்.

7. வெப்பத்தில் இடம் மிச்சமிருந்தால் மட்டும் பூஸ்ட் வரம்பை 50 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

முழு வேலையில் 85 டிகிரி தாண்டினால், மதிப்பெண் கூடாமல் சூடு மட்டும் கூடினால், நீலத்திரை வந்தால், சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'வீயா' பிழைகள் பதிவானால். இதில் எது நடந்தாலும் ஒரு படி பின்வாங்குங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால், பொதுவாகப் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

வாரண்டி என்ன ஆகும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிபிஓவைக் கொடுத்ததே ஏஎம்டிதான். ஆனாலும் நிர்ணயித்த வரம்பைத் தாண்டி ஓட்டினால் வாரண்டி செல்லாது என்று அதே நிறுவனம் சொல்கிறது. கர்வ் ஆப்டிமைசரும் பிபிஓவின் பகுதிதான். வாரண்டி காலம் மிச்சமிருந்தால், ஐந்தாவது படியோடு நிற்பதே புத்திசாலித்தனம்.

வோல்டேஜைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு 2024 ஒரு பாடம். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல கிராஷ் ஆகத் தொடங்கின. சிப்புக்குப் போன அதிகப்படியான வோல்டேஜ் ஒரு காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தத்தால் சரிசெய்ய முடியவில்லை. இத்தனைக்கும் அவற்றில் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாத சிப்கள்.

சரி, முடிவாக என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்குப் புராசசர்தான் காரணமா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள். 8 ஜிபி ரேம் நிரம்பி வழிந்தால் அதை 16 ஆக்குங்கள். இரண்டுமே 4.5% ஓவர்கிளாக்கைவிடப் பளிச்சென்று தெரியும். அதன் பிறகும் ஆசை இருந்தால் தூசி, ரேம், அண்டர்வோல்ட், கடைசியாகப் பூஸ்ட் என்ற வரிசையில் போங்கள். டிசம்பர் காலையில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்; ஏப்ரல் மதியத்தில் தாங்கினால்தான் அது உங்கள் கம்ப்யூட்டரின் உண்மையான வேகம்.