நரிக்கு ஒரு ஷில்லிங்

ஒரு நரித் தலை கொண்டுவந்தால் பன்னிரண்டு பென்ஸ். அதாவது முழுசாக ஒரு ஷில்லிங். கொடுப்பது யார் தெரியுமா? உள்ளூர் சர்ச் நிர்வாகி!

முதலாம் எலிசபெத் மகாராணி காலத்து இங்கிலாந்தில், 1566-ம் ஆண்டு போட்ட சட்டம் இது. தானியத்தைப் பாதுகாப்பதற்காக என்று பெயர். காக்கைக்கு ஒரு ரேட், எலிக்கு ஒரு ரேட், பாவம், முள்ளெலிக்குக்கூட ஒரு ரேட். நரிக்குத்தான் பன்னிரண்டு பென்ஸ். அன்றைக்கு ஒரு கூலியாள் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடித்தாலும் அவ்வளவு கிடைக்காது.

நரி தானியம் தின்னாதே, அதன் மேல் ஏன் இத்தனை கோபம் என்கிறீர்களா? கோழி சார், கோழி!

ஆங்கிலேயக் கிராமத்துக் குடிசையில் கோழி என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தனிக் கணக்கு. தீனிச் செலவு என்று பெரிதாகக் கிடையாது. களத்தில் சிந்திய தானியம், குப்பையில் நெளிகிற புழு, அடுப்படி மிச்சம், அவ்வளவுதான். முட்டையைச் சந்தையில் விற்றால் வருகிற காசு அவள் கைக்காசு. உப்பும் ஊசி நூலும் அதில்தான் வரும். பத்துக் கோழிகளை ஒரே ராத்திரியில் நரி முடித்துவிட்டுப் போனால், காலையில் அவள் திறந்து பார்ப்பது கோழிக்கூட்டை அல்ல, காலியான பணப்பெட்டியை. எனவே நரி எதிரி. சர்க்காரும் அவள் பக்கம்.

இதுவரை கதை சரியாகத்தான் போகிறது. இனிமேல்தான் தலைகீழ்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து அதே இங்கிலாந்தில், நரியைச் சுட்டுக் கொன்றவனைப் பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டு விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் 'குற்ற'த்துக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு வார்த்தையே உண்டு. வல்பிசைட். நரிக்கொலை!

நடுவில் என்ன ஆயிற்று?

மான் குறைந்துவிட்டது. பிரபுக்களின் பாரம்பரிய வேட்டை, மான் வேட்டை. 1640-களின் உள்நாட்டுப் போரில் மான் வனங்கள் பல சூறையாடப்பட்டன. காடுகளும் சுருங்கின. குதிரை இருக்கிறது, நாய் இருக்கிறது, பொழுதும் நிறைய இருக்கிறது. துரத்த ஆள்தான் இல்லை. நரி மாட்டியது. 1753 வாக்கில் லெஸ்டர்ஷயரில் ஹ்யூகோ மெய்னல் என்கிற பணக்கார இளைஞர் வேகமாக ஓடும் வேட்டை நாய்களை வளர்க்க ஆரம்பித்தார். 'குவோர்ன்' வேட்டைக் குழு அவருடையது. திறந்த புல்வெளியில் குதிரைகள் பறக்க, வேலிகளைத் தாண்டித் தாண்டி நரியைத் துரத்துவது புது ஃபேஷன் ஆனது.

துரத்த வேண்டும் என்றால் நரி இருக்க வேண்டுமே! ஆகவே, நரி ஒளிந்து குட்டி போடுவதற்கென்றே புதர் நட்டார்கள். செயற்கையாக வளை கட்டிக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை என்று ஐரோப்பாவிலிருந்து நரிகளை இறக்குமதி செய்தார்கள். விற்பனை எங்கே? லண்டன் லெடன்ஹால் மார்க்கெட்டில். அந்த மார்க்கெட் எதற்குப் பெயர்போனது என்று நினைக்கிறீர்கள்? கோழிக்கு! நரியும் கோழியும் ஒரே சந்தையில். என்ன, நரி வாங்குகிறவர் கோச்சு வண்டியில் வருவார்.

எலிசபெத் காலத்துச் சட்டம் அப்போதும் ரத்தாகவில்லை. புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நீங்கள் குத்தகைக்கு இருக்கும் நிலத்தின் முதலாளியே சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர் என்றால், நரித் தலையை எடுத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் சர்ச்சுக்குப் போவீர்கள்?

சும்மா சொல்லக்கூடாது, பிரபுக்களும் பாதி நியாயம் பார்த்தார்கள். வேட்டைக் குழுக்கள் 'கோழி நிதி' என்று ஒன்று வைத்திருந்தன. உன் கோழியை நரி தின்றுவிட்டதா? வந்து சொல், பணம் தருகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காமர்ஸ் படித்த எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. செத்த கோழிக்கு ஒரு விலை போடலாம். அடுத்த வருஷம் முழுக்க அது போட இருந்த முட்டைகளுக்கு? தவிர, தின்றது நரிதான், பக்கத்து வீட்டு நாய் அல்ல என்று நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு சொல்பவர் யார்? நரியை வளர்ப்பவரின் ஆள். கோழிக்காரர்கள் கணக்கைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று வேட்டைக் குழுக்கள் புலம்பிக்கொண்டே இருந்தன. கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். நான் அவர்கள் கட்சி.

கொல்லக்கூடாது. நஷ்ட ஈடும் நிச்சயமில்லை. மிச்சம் இருப்பது வேலி.

கோழிக்கு வேலி என்பது புது யோசனை இல்லை. கி.மு. 37-ல், எண்பது வயதை எட்டியிருந்த ரோமானிய அறிஞர் வர்ரோ, மனைவிக்காக ஒரு விவசாய நூல் எழுதினார். இருநூறு கோழிகளுக்கு எப்படி வீடு கட்டுவது என்று அதில் அளவோடு சொல்கிறார். ஜன்னல் மூன்றடி அகலம், நான்கடி உயரம். அதைக் குச்சிகளால் பின்ன வேண்டும். வெளிச்சம் வரவேண்டும், கோழிக்கு ஆகாத எதுவும் நுழையக்கூடாது. அடுத்த நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா இன்னும் ஒரு படி மேலே போய், பாம்பு அண்டாமலிருக்கப் பெண்களின் தலைமுடியை எரித்துப் புகை போடச் சொல்கிறார். பாம்பு போனதோ இல்லையோ, அந்த நாற்றத்துக்கு மனிதர்கள் போயிருப்பார்கள்.

குச்சியும் மரச்சட்டமும்தான் அதற்குப் பிறகும் வெகுகாலம். மழைக்கு இற்றுப்போகும். நரி சுரண்டும். எலி கடிக்கும். இரும்புக் கம்பியில் வலை பின்னலாம்தான், ஆனால் கையால் பின்ன வேண்டும். குடிசைக்காரிக்குக் கட்டுப்படியாகுமா?

வழி பிறந்தது நாரிச் நகரத்தில். நூற்றாண்டுக் கணக்கில் கம்பளித் துணி நெய்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யார்க்ஷயர் மில்களோடு போட்டி போட முடியாமல் நொடித்துக்கொண்டிருந்தது. அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சார்லஸ் பர்னார்டு, விவசாயி வீட்டுப் பிள்ளை. தறி நூலை நெய்கிறது, கம்பியை ஏன் நெய்யக்கூடாது என்று யோசித்தார். 1844-ல் இயந்திரம் தயார். ஒவ்வொரு கம்பியையும் முதலில் வலப்பக்கத்துக் கம்பியோடு முறுக்கும், பிறகு இடப்பக்கத்துக் கம்பியோடு. அறுகோணக் கண்கள் வரிசையாக விழும். ஒரு கம்பி அறுந்தாலும் முறுக்குகள் பிடித்துக்கொள்ளும், துணி மாதிரி பிரிந்துகொண்டே போகாது. துரு பிடிக்குமே? 1837-லேயே பிரான்சில் சோரெல் என்பவர் துத்தநாக முலாமுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, பிரச்னை தீர்ந்தது.

வீடு கட்டியவர்களுக்கு இந்த வலை பழக்கம்தான். காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் வராமலிருக்க, பூசுவதற்கு முன்னால் கொத்தனார் 'சிக்கன் மெஷ்' வாங்கிவரச் சொல்வாரே, அதேதான். கோழிக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பர்னார்டுக்கு நேரமும் நன்றாக இருந்தது. விக்டோரியா மகாராணிக்குச் சீனாவிலிருந்து ராட்சசக் கோழிகள் வந்து சேர்ந்ததும் 1840-களில்தான். பெயர் என்னவோ கொச்சின், பிறப்பு சீனா. மகாராணி வளர்க்கிறார் என்றதும் நாடு பூராவும் கோழிப் பைத்தியம் பிடித்தது. விலை எகிறியது. பூட்டி வைக்க வேண்டிய சொத்தானது கோழி.

ஆனால் கோழி வலையில் ஒரு கோளாறு இருக்கிறது. அது கோழியை உள்ளே வைக்கும். நரியை வெளியே நிறுத்துமா என்பது வேறு விஷயம். மெல்லிய கம்பியை நரி கடித்துப் பிய்க்கும். இல்லையென்றால் அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். அப்படி ஒருமுறை வந்துவிட்டால் ஒரு கோழியோடு போகாது. அத்தனையையும் கொன்று போட்டுவிட்டு, ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். 'வெறிபிடித்த மிருகம்' என்று நரிக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான்.

ஹான்ஸ் க்ரூக் என்கிற விலங்கியல் அறிஞர் 1972-ல் இதற்கு விளக்கம் எழுதினார். வடமேற்கு இங்கிலாந்தின் ராவென்கிளாஸ் கடற்கரையில், தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளை நரிகள் இருட்டில் கும்பலாகக் கொன்று போட்டிருந்ததை அவர் கவனித்திருந்தார். வயிறு நிறைந்தால் நரி இரை தேடுவதை நிறுத்தும். கண்ணெதிரே அசையும் இரையைக் கடிப்பதை மட்டும் நிறுத்தாது. வழக்கமாக ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும். ஆகையால் நிறுத்த வேண்டிய அவசியமே அதற்கு வந்ததில்லை. கோழிக்கூட்டில் பறக்க இடம் ஏது? மரக்கிளையில் ஏறித் தூங்கிய காட்டுக்கோழியின் வம்சத்தை இருட்டில் தரையோடு அடைத்து, நாலு பக்கமும் வேலி போட்டது நாம். ஓட்டை விழுந்த வேலியைவிட வேலியே இல்லாதது மேல் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே வேலியும் மாறியது. தடித்த கம்பி, சின்னக் கண். வலையை நேராக மண்ணில் நிறுத்தாமல், அடியில் ஒரு அடி அளவுக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைப்பார்கள். நரி வேலியோரத்தில்தான் தோண்டும். நகத்துக்கு வலை தட்டுப்படும். ஒரு அடி பின்னால் தள்ளித் தோண்டலாமே என்பது அதற்குச் சட்டென்று தோன்றுவதில்லை. மேலே கூரை, கதவில் தாழ்ப்பாள். பொழுது சாய்ந்ததும் எண்ணி அடைக்க வேண்டும். ஒரே ஒரு நாள் மறந்தால் போதும், மொத்த வேலியும் வீண்.

1930-களில் லண்டன் புறநகரில் தோட்டத்தோடு வரிசை வரிசையாக வீடுகள் முளைத்தபோது நரிகளும் குடிவந்தன. சிறிது காலத்தில் இரண்டாம் உலகப் போர். 1941-ல் முட்டைக்கு ரேஷன். ஆளுக்கு வாரம் ஒன்று, அதுவும் கிடைத்தால்! வீட்டில் கோழி வளர்க்கிறேன், முட்டைப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பதிலுக்குக் கோழித் தீவனம் தருவார்கள். அடுப்படி மிச்சத்தில் கலந்து போடலாம். கொல்லையில் நிற்கும் நாலு கோழிதான் இப்போது குடும்பத்தின் ரேஷன் கார்டு. அதை நரி தின்றால்?

நாய்களை விட்டு நரியைத் துரத்தும் வேட்டைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியில் தடை வந்துவிட்டது. கோழிக்காரர்களுக்கு இப்போது கவலை வேறு. பறவைக் காய்ச்சல். 2021, 2022 குளிர்காலங்களில் பிரிட்டனில் கோழிகளை வெளியே விடாமல் அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். காட்டுப் பறவை நுழையாதபடி வலையின் கண் 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. எச்சம் உள்ளே விழும் என்பதால் வலைக் கூரையும் போதாது, தகடோ தார்ப்பாயோ போட வேண்டும். 2024 அக்டோபர் முதல் கொல்லையில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்திடம் பதிவு செய்தாக வேண்டும். நரிக்குப் பதிவு இல்லை. அது எப்போதும்போல இருட்டுகிற நேரத்துக்கு வந்து, தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறது.